படைக்கு வைத்த பொட்டு

ஃபோம் வாங்கப் போகிறவருக்கு எதற்கு ஷூ என்று அன்று காலையே எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. அன்று கவலைப்பட எனக்கு வேறு விஷயங்கள் இருந்தன. ஷூ அந்த வரிசையில் கடைசி.

ஆயுத பூஜை நாள். சித்தப்பா வெள்ளைச் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு, தலையைப் படிய வாரி, கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்த ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் போய், பார்சலுக்குள் வைத்துக் கட்ட ஃபோம் வாங்கிவருவதாகச் சொன்னார். அங்கே தொழிற்சாலைகளில் மிஞ்சும் ஃபோம் துண்டுகளை விற்கும் கடைகள் உண்டு. வழக்கமாக ரப்பர் செருப்போடுதான் போவார்.

"மத்தியானம் வந்துடுவேன். மேல யாரையும் வுடாத பாப்பா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மேல என்றால் மாடி அறை. அங்கேதான் இரண்டு படைகள் நின்றுகொண்டிருந்தன.

சித்தப்பா என்ன செய்கிறார் என்பதை எங்கள் தெருவில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வெளிநாடுகளில் பெரியவர்கள் சிலர் பழைய காலத்துப் போர்களை மேசைமேல் நடத்திப் பார்க்கிறார்கள். பகடை உருட்டுகிறார்கள், டேப் வைத்து அளந்து படைகளை நகர்த்துகிறார்கள். அதற்கான சிப்பாய்கள் ஈயத்தில் வார்க்கப்பட்டு, வண்ணமில்லாமல் எங்கள் வீட்டுக்குப் பார்சலில் வருவார்கள். ஒவ்வொருவரும் என் கட்டைவிரலின் மேல்கணு உயரம். அவர்களுக்கு முகம், மீசை, தலைப்பாகை, சட்டைப் பொத்தான்வரை வண்ணம் பூசித் திருப்பி அனுப்புவது சித்தப்பாவின் தொழில். அவர் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். கூடப் படித்தவர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த காலை வேளைகளில், அவர் மாடியில் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து, யாரோ ஒரு சிப்பாயின் மூக்குக்குக் கீழே நிழல் போட்டுக்கொண்டிருப்பார்.

தொழில் என்று இப்போது எழுதுகிறேன். அன்று எங்கள் வீட்டில் அந்தச் சொல் தறிக்கு மட்டும் உரியது. வீட்டுக்குப் பின்னால் லுங்கி நெய்யும் விசைத்தறிக் கொட்டகை. அதை நடத்தியது நைனா. என் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கொட்டகையில் ஓடுவது தொழில், மாடியில் நடப்பது பொம்மை வேலை. நைனா அதைக் கோபமாகச் சொல்லமாட்டார். "பொம்ம வேல முடிஞ்சிதுன்னா தம்பிய சாப்பிட வரச்சொல்லு" என்பார். சாதாரணமாகச் சொன்னதால்தான் அது அதிகமாகக் குத்தியது என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய பார்சல் கெட்டுப்போயிருந்தது. வழியில் வெயிலில் கிடந்ததோ என்னவோ, சுற்றிவைத்த தாள் வார்னிஷோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது முகங்கள் உரிந்துவந்துவிட்டன. துப்பாக்கி முனைகள் வளைந்துவிட்டன. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார். சித்தப்பா அந்தப் படத்தை வீட்டில் காட்டியிருக்கவே வேண்டாம். காட்டினார். நைனா சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, இப்ப ஒத்துகினத முடிச்சிக் குடு. அதுவும் இப்பிடி ஆச்சுன்னா மூட்ட கட்டி வெச்சிட்டு கம்பெனிக்குக் கெளம்பு. வயசாவுது இல்ல?" சித்தப்பா "ஆங்" என்றார். 

அந்தப் பேச்சுக்குப் பிறகு, மாடி அறை போய்விட்டால் எனக்கு என்னென்ன போகும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தேன்: தூரிகைகளைக் கழுவும் வேலை, வண்ணக் குப்பிகளை வெளிறியதிலிருந்து அடர்த்திவரை அடுக்கும் வேலை, டீ வடிகட்டியில் மண் சலிக்கும் வேலை. பள்ளியில் யாருக்கும் இப்படி ஒரு வேலை கிடையாது.

மண் சலித்தது மலைக்காக. இம்முறை கேட்டிருந்த இங்கிலாந்துக்காரருக்குப் படைகள் மட்டும் போதவில்லை. போர் நடந்த இடமும் வேண்டும். அது சோளிங்கர் பக்கம், எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம். மைசூர் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் அங்கே மோதிக்கொண்டன என்பது அந்த இங்கிலாந்துக்காரர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். சித்தப்பா என்னைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போனார். பாறை எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது, முள் எங்கே அடர்த்தி, ஏரிக்கரை மண் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டோம். ஒரு பையில் மண்ணையும் அள்ளிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து தெர்மாகோலைச் செதுக்கி மலை ஆக்கினார். அதன்மேல் பசை தடவி, நான் சலித்த மண்ணைத் தூவினார். துடைப்பக் குச்சி நுனிகள் காய்ந்த புல்லாயின. குடித்துப்போட்ட டீத்தூள் சருகாயிற்று. பனைமரங்களின் அடிமரம் கம்பி. அதைச் சுற்றிப் பட்டை போலச் சுற்றியிருந்தது தறிக்கொட்டகையின் கழிவு நூல்.

எல்லாம் முடிந்து, கடைசிப் பூச்சும் காய்ந்து, கட்டுவதுதான் பாக்கி. சென்னையில் ஒருவர் அன்று இரவு விமானம் ஏறுகிறார். அவரிடம் மாலைக்குள் பெட்டியைக் கொடுத்துவிட்டால் இங்கிலாந்துக்காரர் கையில் நேராகச் சேர்ந்துவிடும். வெயிலில் கிடக்காது, ஒட்டாது, உரியாது. சாயங்கால ரயிலைப் பிடித்தால் போதும். அதற்குள் படைக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

சித்தப்பாவின் விதிகள் எனக்கு மனப்பாடம். கீழே உள்ள வட்டக் கட்டையைத் தவிர வேறெங்கும் தொடக்கூடாது. தண்ணீர் கூடாது. வெயில் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு, புகை இரண்டும் பக்கத்தில்கூட வரக்கூடாது. ஒருமுறை ஈ உட்கார்ந்ததற்காக அவர் வீடு அதிரக் கத்தியிருக்கிறார்.

கொட்டகையில் பூஜை முடிய வெயில் ஏறிவிட்டது. தறிகளைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஆட்கள் ஆளுக்கொரு தறிக்குக் கட்டைவிரலால் அழுத்தி வைத்துக்கொண்டே போனார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரியையும் கடலையையும் வாங்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு, நைனா கையில் சந்தனக் கிண்ணத்தோடு முற்றத்தில் நின்றார். மாடிப்படியைப் பார்த்தார்.

"மேல இருக்கறதுக்கு யாரு வெப்பாங்க?" என்றார்.



"வேணாம் நைனா. சித்தப்பா வந்து வெப்பாரு."

"அவன் வர்றதுக்குள்ள நேரம் தாண்டிடும். சாமானுக்குப் பூஜ இல்லாம வுடலாமா?"

அம்மா சமையலறையிலிருந்தே, "தம்பி தொடக்கூடாதுன்னு சொல்லிகினு இருக்குமேங்க" என்றாள். நைனா படியேறத் தொடங்கியிருந்தார். நான் அவருக்கு முன்னால் ஓடி வாசலில் நின்றேன். என்னை இடுப்பில் பிடித்து, நூல் சுற்றிய ஒரு பாவு உருளையை நகர்த்துவது போல, ஓரமாக நகர்த்தி வைத்தார்.

உள்ளே போனவர் சும்மா நின்றார். அந்த அறைக்கு அவர் வந்தே வெகுநாளாகியிருக்கும். மலையைக் குனிந்து பார்த்தார். பனைமரத்தை விரலால் தொட்டு, "இது நம்ம நூலாச்சே" என்றார். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தீக்குச்சியின் மருந்தில்லாத நுனியைச் சந்தனத்தில் தொட்டார்.

"அடியில கட்டையில வைங்க நைனா" என்றேன். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றிய வழி.

"பொட்ட யாராச்சும் கால்ல வெப்பாங்களா?"

 நெற்றியில்தான் வைத்தார். ஒவ்வொருவனாகக் கட்டையோடு தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, தலைப்பாகைக்கும் புருவத்துக்கும் நடுவில் கடுகைவிடச் சிறியதாகச் சந்தனம். அது காயும் முன் அதன்மேல் ஊசிமுனையளவு குங்குமம். தறியில் அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடும் விரல்கள் அவை. சிந்தவில்லை, நடுங்கவில்லை. அதை அன்று நான் கவனிக்கத்தான் செய்தேன். ஆனால் என் கண்ணில் பட்டதெல்லாம் கறை.

சிவப்புக் கோட்டுக்காரர்களின் வரிசையில் வந்து நிறுத்தினார். "இவனுங்க வெள்ளக்காரனா?"

"இல்ல நைனா. கும்பினிக்கு வேல செஞ்ச நம்ம ஊர்ப்பக்கத்துச் சிப்பாய்ங்க."

"எதுத்தாப்புல நிக்கறவன்?"

"மைசூர்ப் படை."

"அப்ப ரெண்டு பக்கமும் நம்மாளுங்க. இன்னாத்துக்கு அடிச்சிகினானுங்க?"

 நைனா குதிரைமேல் இருந்த வெள்ளைக்கார அதிகாரியிடம் வந்தபோது கொஞ்சம் யோசித்தார். கதவருகில் வந்து நின்றிருந்த அம்மா, "அவனுக்கும் வைங்க, வூட்டுக்கு வந்தவன்தானே" என்றாள். பிறகு, "குதிரைக்கும்" என்றாள். வைத்தார்.

விளக்கு ஏற்றினார்கள். ஊதுவத்தி வைத்தார்கள். மலைக்கு முன்னால் வெற்றிலையில் கற்பூரம் எரிந்தது. தண்ணீர், பிசுக்கு, புகை என்று சித்தப்பாவின் விதிகள் ஒவ்வொன்றாக, பக்தியோடு, மீறப்பட்டன. நைனா கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டார். கடைசியில் சொன்னதுதான் என்னை முற்றிலும் ஒடித்தது: "நாளைக்கு மறுபூஜ போட்டுத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க."

அந்த வழக்கம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக்கூடாது, ஓட்டக்கூடாது. தீபாவளி லுங்கிக்காகப் பெரிய வியாபாரி ஒருவர் ஆள் மேல் ஆள் அனுப்பிய வருஷம்கூட நைனா கொட்டகைச் சாவியைக் கொடுத்ததில்லை.

"சாயங்காலம் ரயிலுக்குப் போவணும் நைனா" என்று நான் சொன்னபோது அவர் கீழே இறங்கிப் போய்விட்டிருந்தார்.

நான் படைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகளை எண்ணிப் பார்த்தேன். ஈரத்துணி: குங்குமம் பரவி முகம் முழுக்கச் சிவந்துவிடும். ஸ்பிரிட்: குங்குமத்தோடு முகமும் போய்விடும். உலர்ந்த தூரிகை: சந்தனம் உதிரும், சிவப்புப் போகாது. காரணம், பளபளப்பு இருக்கக்கூடாதென்று சித்தப்பா கடைசியாக அடித்திருந்த வார்னிஷ் சொரசொரப்பானது, எதையும் பிடித்துக்கொள்ளும். எந்த வழியும் சரிவரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கீழே இறங்கித் தெருவாசலுக்குப் போய் நின்றேன். ஸ்டேஷனில் ரயில் கூவும்போதெல்லாம் தெருமுனையை எட்டிப் பார்த்தேன்.

சித்தப்பா வந்தார். தோளில் ஃபோம் சுருள். இன்னொரு கையில் பெரிய ஸ்வீட் பெட்டி. அதன்மேல் பொரிப் பாக்கெட் வைத்துச் சணலால் கட்டியிருந்தது. நெற்றியில் புதுக் குங்குமம். என்னைப் பார்த்ததும் பெட்டியை நீட்டினார்.

"யாரு குடுத்தாங்க?"

"போன எடத்துல பூஜ. இந்தா, புடி."

ஃபோம் கடைக்காரர் நல்லவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டு, கற்பூரம், குதிரை, நாளைவரை தொடக்கூடாது என்பது. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. "அண்ணனா வெச்சாரு?" என்று மட்டும் கேட்டார். "அண்ணனே மேல வந்தாரா?"

ஷூவோடு படியேறினார். நைனா சத்தம் கேட்டு அவருக்குப் பின்னால் வந்தார். சித்தப்பா பூதக்கண்ணாடியை எடுத்து, மறு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முன்வரிசை முடித்து இரண்டாம் வரிசை, பிறகு குதிரை.  ஈ உட்கார்ந்ததற்குக் கத்தியவர் இப்போது என்ன செய்யப்போகிறார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"கரெக்டா நடு நெத்தியில வெச்சிகிறீங்க" என்றார்.

"பின்ன?" என்றார் நைனா. பிறகு என் முகத்தையும் சித்தப்பா முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, "ஏன்டா, கெட்டுப்போச்சா?" என்றார்.

"பரவால்லண்ணா. நாளைக்கே எடுத்துக்கலாம்."

"இன்னைக்கு ஆளு கெளம்பறான்னு சொன்னியே?"

"இருக்கட்டும்ண்ணா. போனா போவுது."

அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கத்தியிருந்தால் தைரியமாக இருந்திருக்கும். சரி, முடிந்துவிட்டது, வண்ணக் குப்பிகளை மூட்டை கட்டப்போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

 நைனா சித்தப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். வெள்ளைச் சட்டை, பெல்ட், ஷூ. விறுவிறுவென்று இறங்கிப் போனார். கொட்டகைப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. தெரு முழுக்கத் தறிகள் நின்றிருந்த அந்த மத்தியானத்தில், எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு தறி தடதடவென்று ஓடத் தொடங்கியது.

"ஐயையோ, இன்னாங்க பண்றீங்க!" என்று அம்மா கீழே ஓடினாள். அடுத்த வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "இன்னா மொதலாளி, சாமியத் தூங்கவுட மாட்டியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஓடி, தறி நின்றது.

நைனா திரும்ப வந்தபோது உள்ளங்கையில் கற்பூரக் கரி இருந்தது.

"மறுபூஜ ஆயிடுச்சு. நம்ம வூட்ல எல்லாம் எடுத்தாச்சு. நீயும் எடு."

 சித்தப்பா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அதற்கு அவருக்கு ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று எனக்கு எரிச்சலாக இருந்தது, ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஷூவை மூலைக்குத் தள்ளிவிட்டு, சட்டைக் கையை மடித்து, "பாப்பா, தோல் நிறம் மூணும் எடு" என்றார்.

மூவருமாகத் தரையில் உட்கார்ந்தோம். நான் உலர்ந்த தூரிகையால் சந்தனத்தை உதிர்ப்பேன். நைனா ஒவ்வொருவனையும் கட்டையில் பிடித்து நெற்றியைச் சரியான கோணத்தில் காட்டுவார். சித்தப்பா மிஞ்சிய சிவப்பின்மேல் தோல் நிறத்தில் ஒரு சொட்டு வைத்து மூடுவார். அடுத்தது. அடுத்தது. நடுவில் சித்தப்பா, "கிட்ட புடிங்கண்ணா" என்பதும், நைனா, "கண்ணுக்குள்ளயா வந்து நிக்கறது?" என்பதும் தவிரப் பேச்சில்லை. நேரம் போதாது என்று தெரிந்ததும் சித்தப்பா முடிவெடுத்தார். "தலப்பாவுக்குக் கீழ நெத்தி மறையறவங்கள வுட்டுடுங்க. நெழல்ல தெரியாது." அப்படியே பின்வரிசைக்காரர்கள் பொட்டோடு ஃபோமுக்குள் போனார்கள். குதிரையும் அப்படித்தான் போனது. அதை எல்லாரும் மறந்துவிட்டோம்.

நைனாவே பைக்கில் சித்தப்பாவையும் படையையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். மலைப்பெட்டியை அம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ரயில் வந்து நின்றிருந்தது. சித்தப்பா ஏறினார். காலில் ரப்பர் செருப்பு.

மறுநாள் காலை வீட்டுக்குத் திரும்பியவர் யாரிடமோ போனில், "இல்லடா. நான் வரல. சார் கிட்ட சொல்லிடு" என்றார். நண்பர்கள் சினிமாவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் பல வாரங்களுக்கு எனக்கு ஒரே கவலை: இங்கிலாந்துக்காரர் குதிரையின் நெற்றியைப் பார்த்துவிடுவார். அவர் பார்த்தாரோ இல்லையோ, மலை பிரமாதம், பனைமரத்தின் பட்டை எதனால் செய்தது என்று கேட்டு எழுதினார். அடுத்த படையும் வந்தது. அதற்கடுத்த ஆயுத பூஜைக்கு நைனா, வண்ணம் பூசாத சிப்பாய்களாகப் பார்த்து எடுத்துவைக்கும்படி முதல் நாளே சொல்லியனுப்பினார். மூலையில் கிடந்த ஷூவை அம்மா எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

இப்போது நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்த முதல் வருஷம், ஆயுத பூஜையன்று எந்திரங்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் தன் நண்பனைக் கூட்டிவந்திருந்தார். பூஜை நாளில் மேனேஜர் ஓய்வாக இருப்பார், நேரில் பார்த்துப் பேசிவிட்டால் வேலை உறுதி என்று வெளியாட்களை இப்படி அழைத்துவருவது வழக்கமாம். அந்த நண்பர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். வெள்ளைச் சட்டை உள்ளே விட்டிருந்தது. புதிதாகத் துடைத்த ஷூ. அவருக்கும் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள்: பெரிய ஸ்வீட் பெட்டி, அதன்மேல் பொரிப் பாக்கெட், சணல் கட்டு.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.

படையை அனுப்பிய அந்த நாளில், நாங்கள் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய பிறகு, சித்தப்பா கொண்டுவந்த இதே மாதிரிப் பெட்டியை நான்தான் பிரித்தேன். லட்டு இருந்தது. சென்னையிலிருந்து சித்தப்பா வந்ததும் அவரிடம், ஃபோம் கடை லட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது, நீங்களும் சாப்பிடுங்கள் என்று நீட்டினேன்.

"நீயே துன்னு பாப்பா" என்றார். "எனக்கு வேணாம்."

எனக்கு இரண்டு லட்டு கிடைத்த சந்தோஷம்.